இரவு 10 மணிக்கு மேல் கிட்டார்: டெல்லி வாடகை அறைக்கு எந்த ஆம்ப் சரி?

குருகிராமிலோ நொய்டாவிலோ ஆபீஸ் முடித்து, மெட்ரோ பிடித்து, முனிர்காவிலோ மயூர் விஹாரிலோ இருக்கிற அறைக்கு வந்து சேரும்போது மணி எட்டரை. சாப்பிட்டு, வீட்டுக்கு போன் பேசி முடித்தால் ஒன்பதரை. டெல்லியில் வேலை பார்க்கும் பலருக்கும் கிட்டாரைக் கையில் எடுக்கக் கிடைக்கிற நேரம் இதுதான். சிக்கல் என்னவென்றால், இன்னும் அரை மணி நேரத்தில் சட்டப்படி 'இரவு' தொடங்கிவிடும்.

அதனால் வீட்டுப் பயிற்சிக்கு ஆம்ப்ளிஃபையர் வாங்கும்போது 'எது நல்ல சத்தம் தரும்?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'எது குறைந்த சத்தத்திலும் நன்றாக இருக்கும்?' என்றும் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் புரியாமல் 40 வாட் ஆம்ப் வாங்கி, வால்யூம் குமிழை ஒன்றுக்கு மேல் திருப்ப முடியாமல், கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டவர்கள் நிறைய. பணம் போனது ஒரு பக்கம். பயிற்சியும் அதோடு நின்றுபோகிறது என்பதுதான் பெரிய நஷ்டம்.

எந்த எண்ணைப் பார்க்க வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: உங்களுக்கு ஆம்ப் தேவையா?

உங்களிடம் இருப்பது எந்த வகைக் கிட்டார் என்பதைப் பொறுத்தது.

- சாதாரண அகூஸ்டிக் கிட்டார்: வீட்டில் வாசிக்க ஆம்ப் வேண்டாம். அதன் மரப்பெட்டியே ஒலிபெருக்கி. அந்தப் பணத்தில் நல்ல கம்பிகளும் ஒரு ட்யூனரும் வாங்கலாம்.
- எலக்ட்ரோ-அகூஸ்டிக்: உள்ளே பிக்கப்பும் ப்ரீஆம்ப்பும் இருக்கும். ஆம்ப் இல்லாமலும் பயிற்சி நடக்கும். பாடிக்கொண்டே வாசிக்க, நண்பர்களோடு சேர்ந்து வாசிக்க மட்டும் ஆம்ப் தேவை.
- எலக்ட்ரிக் கிட்டார்: ஆம்ப் கட்டாயம். ஆம்ப் இல்லாமல் வாசித்தால் கம்பியின் மெல்லிய சத்தம் மட்டுமே கேட்கும். விரல் பயிற்சிக்கு அது ஓகே. ஆனால் வாசிக்காத கம்பிகளை அடக்குவது, அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது போன்ற பாதி வேலை ஆம்ப் வழியாகக் கேட்டால்தான் பிடிபடும்.

இந்த வகைப் பிரிவு இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். எலக்ட்ரிக் கிட்டாருக்கான ஸ்பீக்கர்கள் பொதுவாக 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைச் சட்டென்று குறைத்துவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பு காதைக் குத்தாமல் இருக்க அது உதவும். அதே ஸ்பீக்கரில் எலக்ட்ரோ-அகூஸ்டிக்கைச் செருகினால், கம்பியின் மினுமினுப்பு காணாமல் போய், போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். எலக்ட்ரோ-அகூஸ்டிக் வைத்திருப்பவர்கள் 'அகூஸ்டிக்' அல்லது 'ஃப்ளாட்' மோட் உள்ள ஆம்ப்பைத் தேட வேண்டும்.

வாட் கணக்கு: பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது வாட். நம்மைத் தவறான பக்கம் இழுத்துப் போவதும் அதுதான்.

20 வாட் ஆம்ப், 10 வாட் ஆம்ப்பைவிட இரண்டு மடங்கு சத்தம் போடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. சக்தி இரட்டிப்பானால் ஒலி அளவு 3 டெசிபல்தான் கூடும். 'கொஞ்சம் கூடியிருக்கு' என்று காது உணரும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்கானதுபோல் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும்.

ஸ்பீக்கருக்கு 'சென்சிட்டிவிட்டி' என்று ஒரு அளவு உண்டு. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வரும் என்பதே அது. பெரிய மேடை ஆம்ப்களில் வரும் செலஸ்டியன் விண்டேஜ் 30 என்ற 12 அங்குல ஸ்பீக்கருக்கு அது 100 டெசிபல். சின்ன ஸ்பீக்கர்களுக்கு இதைவிடக் குறைவு. நம் கணக்குக்கு 90 என்று வைத்துக்கொள்வோம்.

- 0.03 வாட்: சுமார் 75 டெசிபல்
- 1 வாட்: 90 டெசிபல்
- 3 வாட்: சுமார் 95 டெசிபல்
- 10 வாட்: 100 டெசிபல்
- 40 வாட்: 106 டெசிபல்

இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபல். அறைக்குள் திருப்தியாகப் பயிற்சி செய்ய 70 முதல் 75 போதும். முதல் வரியை இன்னொரு முறை பாருங்கள். அதற்குத் தேவை ஒரு வாட்டில் முப்பதில் ஒரு பங்குதான்.

கம்பியை ஓங்கி மீட்டும் நொடியில் ஒலி சட்டென எகிறும். அந்த எகிறலில் சத்தம் உடையாமல் இருக்க 10 முதல் 15 டெசிபல் கூடுதல் இடம் வேண்டும். அதைச் சேர்த்தாலும் 1 வாட்டில் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆக, 3 முதல் 10 வாட் வரை உள்ள எதுவும் ஓர் அறைக்குத் தாராளம். ட்ரம்ஸ் வாசிப்பவரோடு சேர்ந்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் 40 வாட்டைப் பற்றி யோசிக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 நாடு முழுவதற்கும் பொருந்தும். காலை 6 முதல் இரவு 10 வரை பகல். இரவு 10 முதல் காலை 6 வரை இரவு. குடியிருப்புப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட சராசரி ஒலி அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அது 50, 40 என்று குறையும். எய்ம்ஸை ஒட்டிய தெருக்களில் அறை எடுத்திருப்பவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நமக்கு நேரடியாகப் பொருந்தும் விதி ஒன்று இருக்கிறது. தனியாருக்குச் சொந்தமான ஒலி அமைப்போ இசைக்கருவியோ எழுப்பும் ஒலி, அந்த இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கான வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. அதாவது குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் உங்கள் வீட்டு எல்லையில் 50 டெசிபல். பகலில் 60.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு கனமான வழக்கும் இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான 13 வயதுச் சிறுமி ஒருவர் உதவி கேட்டுக் கத்தியது, அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கியில் அலறிய பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் போனது. 1998 ஜனவரியில் நாளிதழ்களில் வந்த இந்தச் செய்தியைப் படித்த ஒரு பொறியாளர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2005 ஜூலை 18 அன்று வந்த தீர்ப்பு, சத்தத்தின் தொல்லை இல்லாமல் வாழ்வது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னது. கருத்துச் சுதந்திரம் என்ற பெயரில் அடுத்தவர் காதுக்குள் சத்தத்தைத் திணிக்க யாருக்கும் உரிமை இல்லை என்றும் சொன்னது.

டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு 2021-ல் அபராதங்களைத் திருத்தியது. ஒலிபெருக்கி விதிமீறலுக்கு 10,000 ரூபாய் அபராதமும், கருவி பறிமுதலும். ஒரு 5 வாட் ஆம்ப்புக்காக விஷயம் அவ்வளவு தூரம் போவது அரிது. அதற்கு முன்னாலேயே வீட்டு ஓனர் போன் செய்துவிடுவார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் 112-ஐ அழைத்தால் சட்டம் யார் பக்கம் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. இரவில் அது உங்கள் பக்கம் இல்லை.

சுவர் எவ்வளவு தடுக்கும்?

இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. அரைச் செங்கல் சுவர், அதாவது நாலரை அங்குலம், இருபக்கமும் பூச்சு சரியாக இருந்தால் ஏறக்குறைய 40 டெசிபலைத் தடுக்கும். அறைக்குள் 75 என்றால் பக்கத்து அறையில் 35. பிரச்சினை இல்லை. அறைக்குள் 90 என்றால் அந்தப் பக்கம் 50. தூங்குகிறவர் எழுந்துவிடுவார்.

ஆனால் சத்தம் சுவர் வழியாக மட்டும் போவதில்லை. சாதாரண மரக்கதவு 20 டெசிபலைத் தடுத்தாலே அதிகம். அதே 75 கதவுக்கு வெளியே 55 ஆக இருக்கும். திறந்த ஜன்னல் கிட்டத்தட்ட எதையும் தடுக்காது. மே மாத இரவில் கூலர் வைத்து ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் அறையிலிருந்து போகும் சத்தமும், ஜனவரியில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு வாசிக்கும் சத்தமும் ஒன்றாக இருக்காது. மொட்டை மாடியில் ஒற்றை அறையாக இருக்கும் 'பர்சாதி'யில் பக்கத்துச் சுவர் பிரச்சினை குறைவு. கீழ்வீட்டுக் கூரைதான் பிரச்சினை.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை:

- ஆம்ப்பைத் தரையில் வைக்காதீர்கள். தரை அதிர்வு நேராகக் கீழ்வீட்டுக்குப் போகும். நாற்காலி மேல், மடித்த யோகா பாய் போட்டு வையுங்கள்.
- பொதுச் சுவருக்கு முதுகு காட்டி வைக்காதீர்கள். துணி நிறைந்த அலமாரி இருக்கும் சுவர் பக்கம் வையுங்கள்.
- காதுக்கு நேராக, ஒரு மீட்டருக்குள் வைத்தால் குறைந்த வால்யூமிலேயே தெளிவாகக் கேட்கும்.
- கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியை ஒரு பழைய டவலால் அடையுங்கள்.
- இரவில் பேஸ் குமிழைக் கொஞ்சம் குறையுங்கள். சுவரைத் தாண்டிப் போவதில் கில்லாடி அடித்தள ஒலிதான்.

அளந்து பார்க்க ஆசையா? அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் ஐபோனுக்கு இலவச ஒலிமானி செயலி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. வாசிப்பதை ரெக்கார்ட் செய்து ஆம்ப்பில் ஓட்டிவிட்டு, கதவுக்கு வெளியே போய் நின்று பாருங்கள். நீங்கள் நினைத்த அளவும் வரும் அளவும் ஒன்றாக இருக்காது.

ஸ்பீக்கர் அளவு: வாட்டைவிட முக்கியமான எண்

கிட்டாரின் தடித்த கம்பியை அப்படியே மீட்டினால் வரும் ஒலி சுமார் 82 ஹெர்ட்ஸ். 2, 3 அங்குல ஸ்பீக்கரால் இந்த அடித்தள ஒலியைச் சரியாகத் தர முடியாது. ஆனாலும் நமக்கு அந்த சுரம் கேட்கிறது. அதன் மேலடுக்கு ஒலிகளை வைத்து மூளை விடுபட்டதை நிரப்பிக்கொள்கிறது. சுரம் தெரியும், அதன் கனம் தெரியாது.

அதனால் 10 வாட், 2 அங்குலம் என்ற ஆம்ப்பைவிட 3 வாட், 5 அங்குலம் என்ற ஆம்ப் உங்கள் காதுக்கு 'பெரிய' ஆம்ப்பாகத் தோன்றலாம். சில புது மாடல்கள் பாஸிவ் ரேடியேட்டர் என்ற அதிரும் சவ்வை வைத்து இந்தக் குறையைச் சமாளிக்கின்றன. அது உதவும். ஆனால் காற்றைத் தள்ளும் பரப்பளவுக்கு முழு மாற்று கிடையாது.

பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் இந்த வகையைத் தவிர்ப்பது நல்லது. அதன் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். சின்ன ஆம்ப்பில் வால்யூமை ஏற்றினால் ஸ்பீக்கர் கிழியும் வாய்ப்பு அதிகம். உங்களுக்கு ஹெட்ஃபோன்தான் வழி.

ஹெட்ஃபோன்: 10 மணிக்கு மேல் கைகொடுப்பது

ஹெட்ஃபோன் ஜாக் இல்லாத பயிற்சி ஆம்ப்பை டெல்லியில் வாங்கவே வேண்டாம். இதில் மட்டும் சமரசம் கூடாது.

உங்களிடம் இருக்கும் புளூடூத் ஹெட்ஃபோன் இதற்கு உதவாது. சாதாரண புளூடூத்தில் ஒலி வந்து சேர 100 முதல் 250 மில்லிசெகண்ட் வரை தாமதமாகும். சினிமா பார்க்கும்போது செயலி அதைச் சரிக்கட்டிவிடும். கிட்டாரில் முடியாது. 10 மில்லிசெகண்ட் தாமதம் என்பது ஆம்ப்பிலிருந்து சுமார் மூன்றரை மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம், பழகிக்கொள்ளலாம். 200 மில்லிசெகண்ட் என்றால் கிட்டத்தட்ட 70 மீட்டர். தாளம் போய்விடும்.

ஆகவே ஒயர் உள்ள ஹெட்ஃபோன் வாங்குங்கள். ஆம்ப் விளம்பரத்தில் 'புளூடூத்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் போனிலிருந்து பாட்டை ஆம்ப்புக்கு அனுப்புவதற்கு. பாட்டோடு சேர்ந்து வாசிக்க அது அருமையான வசதி. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஹெட்ஃபோனில் பக்கத்து வீட்டுக்காரர் தப்பிப்பார். உங்கள் காது? உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை பாதுகாப்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். தினம் ஒரு மணி நேரம் வாசிக்கிறவர் வியாழக்கிழமையே வரம்பைத் தொட்டுவிடுவார். மெட்ரோவில் கேட்கும் பாட்டும் இதே கணக்கில்தான் சேரும். வாசித்து முடித்ததும் காதில் 'ங்ஙொய்' என்று கேட்டால், வால்யூம் அதிகம் என்று அர்த்தம்.

பேட்டரி, அடாப்டர், இன்வெர்ட்டர்

'போர்ட்டபிள்' என்று எழுதியிருக்கும் எல்லாமும் பேட்டரியில் ஓடாது. பேட்டரியில் ஓடுபவை இரண்டு வகை.

ஏஏ பேட்டரி வகை: பெரும்பாலும் ஆறு பேட்டரிகள். ரோலண்ட் மைக்ரோ க்யூப் ஜிஎக்ஸ் (3 வாட்) அல்கலைன் பேட்டரியில் சுமார் 25 மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். அதே குழுமத்தின் பாஸ் கட்டானா மினி (7 வாட்) சுமார் 7 மணி நேரம். வாட் கூடினால் பேட்டரிச் செலவும் கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். ரீசார்ஜ் செய்யும் பேட்டரி ஆறும் ஒரு சார்ஜரும் வாங்கிவிட்டால் சில மாதங்களில் செலவு சமனாகிவிடும். பெட்டி தெருமுனைக் கடையில் கிடைக்கும் பேட்டரியில் பத்து வருடம் கழித்தும் ஓடும் என்பது இந்த வகையின் பெரிய பலம்.

உள்ளேயே லித்தியம் பேட்டரி உள்ள வகை: யுஎஸ்பி ஒயரில் சார்ஜ் ஆகும், வசதி. ஆனால் சில வருடங்களில் பேட்டரி தேயும். மாற்றிக் கொடுக்க சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். பொதுவாக லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. ஜூன் மாதம் பர்சாதியில் பூட்டிவைத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க. ஊருக்கே எடுத்துப் போவதானால், விமானத்தில் பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஆம்ப்பையும் அதோடு வைத்துக்கொள்வதே நல்லது.

வெளிநாட்டிலிருந்து அண்ணனோ நண்பரோ வாங்கி வருவதாக இருந்தால் அடாப்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். '100–240 வோல்ட்' என்று இருந்தால் பிளக் மட்டும் மாற்றினால் போதும். '120 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய உடனே புகைதான்.

வாடகை வீடுகளின் நிரந்தரத் தலைவலி 'உம்ம்' என்ற இரைச்சல். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது அது கூடும். லேப்டாப் சார்ஜரோடு ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலும் கூடும். முதலில் ஆம்ப்பைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குறை கரண்டில். நிற்காவிட்டால் கேபிளிலோ பிக்கப்பிலோ. கம்பியைத் தொடும்போது இரைச்சல் குறைந்தால் அது இயல்பு. தொடும்போது சுர்ரென்று அடித்தால் உடனே கழற்றிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் இணைப்பு இல்லாத ப்ளக் பாயின்ட்கள் பழைய வீடுகளில் சகஜம்.

சரி, எந்த மாடல்?

விலை வாரத்துக்கு ஒரு முறை மாறும். அதனால் வகையாகப் பார்ப்போம்.

1. ஹெட்ஃபோன் ஆம்ப்: கிட்டாரின் ஜாக்கிலேயே நேராகச் செருகுவது, ஸ்பீக்கர் இல்லை. வாக்ஸ் ஆம்ப்ளக் இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடும். ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோவில் 12 ஆம்ப் ஒலிகள், ரீசார்ஜ் பேட்டரி, போன் பாட்டுக்குப் புளூடூத் எல்லாம் உண்டு. பிஜி-யில் இன்னொருவரோடு அறையைப் பகிர்பவர்களுக்கு இதுதான் சரி.

2. பொம்மை அளவு ஆம்ப்: மார்ஷல் எம்எஸ்-2 (1 வாட், 9 வோல்ட் பேட்டரி), பிளாக்ஸ்டார் ஃப்ளை 3 (3 வாட், 3 அங்குலம்). முதலாவது அழகுப் பொருள் பாதி, ஆம்ப் பாதி. இரண்டாவது உண்மையாகவே பயன்படும்.

3. கையடக்கப் பயிற்சி ஆம்ப்: மைக்ரோ க்யூப் ஜிஎக்ஸ் (3 வாட், 5 அங்குலம்), கட்டானா மினி (7 வாட், 4 அங்குலம்). முன்னதில் ட்யூனரும் பல எஃபெக்ட்களும் உண்டு. பின்னது புரிந்துகொள்ள எளிது. 1973-லேயே பிக்நோஸ் என்ற அமெரிக்க ஆம்ப் ஆறு ஏஏ பேட்டரி, 5 அங்குல ஸ்பீக்கர் என்ற இதே சூத்திரத்தில் வந்தது. ஐம்பது வருடம் நிலைத்த சூத்திரம் என்பதே அதற்கான சான்றிதழ்.

4. செயலியோடு வேலை செய்யும் ஆம்ப்: பாசிட்டிவ் கிரிட்டின் ஸ்பார்க் கோ (5 வாட்), ஸ்பார்க் மினி (10 வாட்). போன் திரையில் நூற்றுக்கணக்கான ஒலிகள். கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கவனம் சிதறவும் நிறைய இருக்கிறது. அரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால், அதில் இருபது நிமிடம் ஒலி தேடுவதில் போய்விடாதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

5. மேசை ஆம்ப்: யமஹாவின் டிஹெச்ஆர் வரிசை 2011-ல் தொடங்கிவைத்த வகை. இரண்டு ஸ்பீக்கர், குறைந்த வால்யூமிலும் நிறைவான ஒலி, 'அகூஸ்டிக்', 'ஃப்ளாட்' மோட்கள். பாட்டுக் கேட்கவும் பயன்படும். இந்தப் பட்டியலில் விலை அதிகமானது இதுதான். பேட்டரி வேண்டுமென்றால் 'வயர்லெஸ்' என்று குறிப்பிட்ட மாடலைப் பாருங்கள்; சாதாரண டிஹெச்ஆர்10-II கரண்டில்தான் ஓடும்.

6. கரண்டில் மட்டும் ஓடும் 10 வாட் ஆம்ப்: ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் 10ஜி, வாக்ஸ் பாத்ஃபைண்டர் 10. ஸ்பீக்கர் 6 அங்குலத்தைத் தொடும் என்பதால் ஒலி கனம். வீட்டுக்குள்ளேயே இருக்கப் போகிறது என்றால், பேட்டரி வசதிக்குக் காசு கொடுக்காமல் இதை வாங்கலாம்.

பாடவும் செய்வீர்களா? மைக் இன்புட் உள்ளது வேண்டும். ரோலண்ட் க்யூப் ஸ்ட்ரீட் ஏஏ பேட்டரியிலேயே மைக்கையும் கிட்டாரையும் சேர்த்துத் தரும்.

வீணை, வயலின், கர்நாடகக் கிட்டார்

ஊரிலிருந்து வீணையோ வயலினோ கொண்டுவந்திருப்பவர்களும் இதே ஆம்ப்களைத்தான் தேடுகிறார்கள். அவர்களுக்கு டிஸ்டார்ஷன் உள்ள ஆம்ப்பால் எந்தப் பயனும் இல்லை. கான்டாக்ட் மைக்கைச் செருகி 'ஃப்ளாட்' மோடில் வைத்தால், நாதம் நாதமாகவே வரும்.

எலக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்த யு. ஸ்ரீநிவாஸும் (1969–2014), எலக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னாவும் மின் ஒலியிலும் கமகம் நிற்கும் என்று காட்டியவர்கள். மீட்டிய பிறகு ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதில்தான் கமகத்தின் உயிர் இருக்கிறது. கடையில் சோதிக்கும்போது 'க்ளீன்' ஒலியில் ஒரே சுரத்தை மீட்டி, அது தேயும் வரை கேளுங்கள். நடுவில் பொசுக்கென்று அறுந்தால் அந்த ஆம்ப் உங்களுக்கு ஆகாது. டிலே எஃபெக்ட்டை அணைத்துவிட்டே சோதியுங்கள். அது எல்லாக் குறையையும் மறைத்துவிடும்.

டெல்லியில் எங்கே, எப்படி வாங்குவது?

தரியாகஞ்ச், நயி சடக் பக்கம் பழைய இசைக்கருவிக் கடைகள் இருக்கின்றன. செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட் ஒலிச் சாதனங்களின் கடல். கேபிள், அடாப்டர், ரிப்பேர் எல்லாவற்றுக்கும் அங்கே போகலாம். ஆன்லைனில் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் ஆம்ப் விஷயத்தில் ஒரு முறையாவது காதால் கேட்டுவிட்டு ஆர்டர் போடுவதே புத்திசாலித்தனம்.

கடைக்குப் போகும்போது:

- உங்கள் கிட்டாரையும் உங்கள் ஹெட்ஃபோனையும் எடுத்துப் போங்கள். கடைக்காரரின் விலை உயர்ந்த கிட்டாரில் எந்த ஆம்ப்பும் நன்றாகத்தான் இருக்கும்.
- வால்யூமை மிகக் குறைவாக வைத்துக் கேளுங்கள். குமிழைத் துளி திருப்பியதும் அலறுகிறதா, அல்லது மெல்ல ஏறுகிறதா? உங்கள் அறையில் தினமும் பயன்படப் போவது அந்த முதல் கால் சுற்றுதான்.
- குறைந்த வால்யூமில் காதுக்கு அடித்தள ஒலியும் உச்ச ஒலியும் குறைவாகவே எட்டும். 1933-ல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய உண்மை இது. 'சத்தம் சப்பென்று இருக்கு' என்று உடனே ஒதுக்காமல், பேஸ், ட்ரெபிள் குமிழ்களைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். இரவில் ஸ்பீக்கரில் வாசித்தால் பேஸைக் குறைக்கச் சொன்னது பக்கத்து வீட்டுக்காக. ஹெட்ஃபோனில் அந்தக் கவலை இல்லை.
- ஒன்றும் வாசிக்காமல், ஹெட்ஃபோனில் பின்னணி இரைச்சலைக் கேளுங்கள். ஸ்பீக்கரில் தெரியாத 'ஸ்ஸ்' இங்கே தெரியும்.
- பெட்டியில் அதிகபட்ச விலையும் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் அச்சிட்டிருக்கிறதா? சட்டப்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் வாரண்டியும் இருக்காது.
- பில் வாங்குங்கள். பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 சட்டத்தின்படி, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம்.

பழையது வாங்குவதும் நல்ல யோசனைதான். வேலை மாறி டெல்லியை விட்டுப் போகிறவர்கள் நல்ல நிலையில் விற்பார்கள். குமிழ்களைத் திருப்பும்போது கரகரக்கிறதா, பேட்டரி அறையில் பச்சை நிறப் பூஞ்சைபோல் கசிவு இருக்கிறதா, ஜாக்கில் கேபிளை ஆட்டினால் ஒலி விட்டுவிட்டு வருகிறதா என்ற மூன்றையும் பாருங்கள். லித்தியம் வகையை மட்டும் பழையதாக வாங்குவதைத் தவிர்க்கலாம்.

சுருக்கமாக

- அறையைப் பகிர்கிறீர்கள், எலக்ட்ரிக் கிட்டார்: ஹெட்ஃபோன் ஆம்ப் போதும்.
- தனி அறை, அடிக்கடி வீடு மாற்றம்: 3 முதல் 7 வாட், 4 அல்லது 5 அங்குலம், ஏஏ பேட்டரி.
- எலக்ட்ரோ-அகூஸ்டிக், வீணை, வயலின்: 'ஃப்ளாட்' அல்லது 'அகூஸ்டிக்' மோட் உள்ளது.
- நிரந்தரமாக ஒரே வீடு, பட்ஜெட் குறைவு: கரண்டில் ஓடும் 10 வாட்.
- யாராக இருந்தாலும்: ஹெட்ஃபோன் ஜாக், ஒயர் உள்ள ஹெட்ஃபோன்.

வாங்கிய பிறகு ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, 'நான் கிட்டார் கத்துக்கிறேன், சத்தம் வந்தா சொல்லுங்க' என்று உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். சத்தம் வந்தால் அவர் வீட்டு ஓனருக்கும் 112-க்கும் போவதற்கு முன் உங்களைக் கூப்பிடுவார். சில மாதம் கழித்து, 'அந்தப் பாட்டை இன்னும் முழுசா வாசிக்கலையே' என்று கேட்கவும் வாய்ப்பிருக்கிறது.